கயிறில்லாத தெப்பம்

"நிகழும் அட்சய ஆண்டு தை மாதம் பூச நட்சத்திரத்தன்று மாலை தெப்போற்சவம் நடைபெறும்" என்று தொடங்கும் மஞ்சள் நோட்டீஸ் இரண்டு என்னிடம் இருக்கின்றன. அட்சய ஆண்டின் தை என்றால் 1987 ஜனவரி, பிப்ரவரி. இரண்டும் ஒரே அச்சகத்தில் ஒரே நாளில் அடித்தவை. முருகன் படம், வேல், வாசகம் எல்லாம் ஒன்றே. கடைசியில் "இங்ஙனம்" என்ற சொல்லுக்குக் கீழே பக்கத்துக்கொன்றாக இரண்டு பெயர்கள் உண்டு. ஒரு நோட்டீஸில் என் மாமனார் பெயர் இடப்பக்கம். மற்றதில் அவர் தம்பியின் பெயர் இடப்பக்கம். இடப்பக்கத்தில் இருப்பதைத்தானே கண் முதலில் படிக்கும்? அதனால் பாதி நோட்டீஸ் இப்படி, பாதி அப்படி. அச்சகத்துக்கு இரண்டு தடவை நடந்தவன் நான். அந்த வருஷம் முழுவதும் நான் எல்லா இடத்துக்கும் இரண்டு தடவை நடந்தேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் என் மனைவியின் ஊர். ஊருக்கு வெளியே அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தமான சின்ன முருகன் கோயிலும் அதன் முன்னால் ஒரு குளமும் உண்டு. வடகரையில் கோயில். மேலண்டைக் கரை என் மாமனார் பாகம். கீழண்டைக் கரை அவர் தம்பியின் பாகம். தைப்பூசத்தன்று உற்சவரைத் தெப்பத்தில் வைத்துக் கரையிலிருந்து கயிற்றால் இழுத்து மூன்று சுற்று வருவார்கள். அந்தக் கயிற்றை முதலில் தொடுவது யார் என்பதில் 1978இல் சண்டை வந்தது. மூத்தவன் நான் என்றார் மாமனார். குளத்தின் ஆழமான பாதி என் பாகத்தில் இருக்கிறது என்றார் தம்பி. யாரோ அரிவாளால் கயிற்றை வெட்டினார்கள். அதோடு தெப்பம் நின்றது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

என் மனைவியைப் பொறுத்தவரை நின்றது அதைவிடப் பெரியது. நினைவு தெரியுமுன்பே அவள் அம்மா இறந்துவிட்டாள். வளர்த்தது சித்தி, அதாவது அந்தத் தம்பியின் மனைவி. தலை வாரிவிட்டதும், வயசுக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்ததும், எங்கள் கல்யாணத்தில் அழுததும் சித்திதான். கயிறு அறுந்த பிறகு "அந்த வாசப்படிய மிதிச்சா இந்த வாசப்படிய மிதிக்காத" என்று மாமனார் சொல்லிவிட்டார். ஊருக்குப் போகும்போதெல்லாம் என் மனைவி மாட்டுக்கொட்டகையின் மண்சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பாள், சித்தி அந்தப் பக்கம். என்னத்த சமைச்ச, உடம்பு எப்படி இருக்கு, அவ்வளவுதான் பேச்சு. பஸ்ஸில் திருவண்ணாமலைக்குத் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. பங்காளித் தகராறுகளைப் பகலெல்லாம் கட்டுக்கட்டாகப் பார்த்தவன். இதற்கு வழியில்லை என்று தெரியும். அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

படகு எங்கள் வீட்டுக்கு வந்தது வேறு வழியில். ஆசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் 1981இல் ஊர் திரும்பும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முழங்கை நீளமுள்ள மரப்படகு. உள்ளே ஒரு சின்ன மோட்டார், பேட்டரி, ரிசீவர். கையில் பிடிக்க நீண்ட ஏரியல் வைத்த ஒரு பெட்டி. பெட்டியில் குச்சியை அசைத்தால் ரிசீவர் அதைக் கேட்டு படகுக்குள் இரண்டு சின்னக் கைகளை அசைக்கும். ஒரு கை சுக்கானைத் திருப்பும், மற்றது மோட்டாரின் சுவிட்சைத் தள்ளும். எனக்கு ரேடியோ ரிப்பேர் ஓரளவு தெரியும். நூலகத்தில் பழைய விஞ்ஞானப் பத்திரிகைகளைத் தேடித் தேடிப் படிக்கிற பழக்கமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் அதை ஓட்டிப் பார்ப்பேன். அது ஓடுகிற நாளைவிட நான் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நாளே ஜாஸ்தி.

1986 ஆடியில் ஒருநாள் என் மனைவி துணி துவைத்துக்கொண்டே அதைப் பார்த்தாள். "ஏங்க, இதுக்குக் கயிறே வேணாமில்ல?" என்றாள்.

நான் குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். படகு தொட்டிச் சுவரில் முட்டி நின்றது.

"யாரும் தொடாம போவுதில்ல? அப்ப யாரு மொதல்ல தொட்டாங்கன்னு கேக்க முடியாது."

அந்த யோசனையை இரண்டு வீட்டுக்கும் கொண்டுபோனது நான். மாமனார் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்தப் பொட்டி யாரு கையில இருக்கும் மாப்ளே?" என்று கேட்டார். என் கையில் என்றேன். "நீங்க எங்க வூட்டு மாப்ள. அப்ப எங்க கையிலன்னு அர்த்தம். சரி, செய்ங்க." அதே நாள் தம்பி வீட்டில் திண்டிவனத்துச் சம்பந்தி யாரோ வந்திருந்தார். அவர் முன்னால் சின்ன மாமனார் சிரித்தார். "மாப்ள சர்க்கார் உத்தியோகம். எங்க அண்ணன் பேச்சக் கேக்கமாட்டாரு. செய்யட்டும், செய்யட்டும்." இரண்டு பேரும் ஒரே காரணத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஒப்புக்கொண்டார்கள். சித்தி உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "அவ வரலியா?" என்றாள். நான் இல்லை என்று தலையசைத்தேன்.

தெப்பம் நாலடி நீளம். காலி எண்ணெய் டின்களை ஈயம் வைத்து அடைத்து, மேலே பலகை போட்டு, சுற்றிலும் வாழைத்தண்டு கட்டினோம். உற்சவர் ஒரு சாண் உயரம்தான், கனம் கம்மி. ஆனாலும் படகில் இருந்த மோட்டார் அதை அசைக்காது. பஸ்ஸில் டிரைவர் முகத்துக்கு நேரே சுழலும் சின்ன மின்விசிறி இருக்கிறதே, அதன் மோட்டாரை ஒரு பழைய இரும்புக் கடையில் வாங்கினேன். மோட்டார்சைக்கிள் பேட்டரி வைத்து, அச்சை நீட்டி, பித்தளையில் வெட்டிய மூன்று இலை விசிறியை முனையில் பொருத்தினேன். ரிசீவரையும் அதன் சின்னக் கைகளையும் படகிலிருந்து கழற்றித் தெப்பத்தில் வைத்தேன். இதையெல்லாம் செய்து முடிக்க ஐப்பசி ஆகிவிட்டது.

கார்த்திகை தீபக் கூட்டம் திருவண்ணாமலையைவிட்டு வடிந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை குளத்தில் சோதனை. இரண்டு கரையிலும் ஆட்கள். தெப்பம் வடகரையிலிருந்து நகர்ந்தது. பத்தடி போவதற்குள் சுக்கான் ஜுரம் வந்தவன் கைபோல் நடுங்கியது. தெப்பம் தன்னையே சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது.

"மேலண்ட காத்து ஜாஸ்தி," என்றது கீழண்டைக் கரை.

"கீழண்ட பாசி ஜாஸ்தி," என்றது மேலண்டைக் கரை.

அது காற்றும் இல்லை பாசியும் இல்லை. இந்த வகை மோட்டாருக்குள் சுழலுகிற செம்பு வளையத்தை இரண்டு கரித்துண்டுகள் வில்லால் அழுத்திக்கொண்டிருக்கும். கரி வழியாகத்தான் மின்சாரம் உள்ளே போகும். அந்த இடத்தில் பொறி பறக்கும். பொறியின் இரைச்சலை ரிசீவர் என் கட்டளை என்று நினைத்துக்கொள்ளும். அதற்கு மருந்து எனக்குத் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்த இரைச்சலை விழுங்கும் கண்டென்சர்களைப் பழைய ரேடியோவிலிருந்து எடுத்து மோட்டாரின் இரண்டு முனையிலும் உடம்பிலும் பற்றவைத்தேன். பிரித்தபோது கரித்துண்டுகளைச் சுற்றிச் சிவப்பாகப் பொடி இருந்தது. செம்பு வளையம் தேய்ந்து உதிர்ந்த தூள் என்று நோட்டில் எழுதிவைத்தேன். துடைத்துப் பூட்டி மேஜையில் ஓட்டினேன். நன்றாக ஓடியது.

அடுத்த ஞாயிறு குளத்தில் நின்றது. அதற்கடுத்த ஞாயிறும் நின்றது. வீட்டில் ஓடும், குளத்தில் நிற்கும். கரித்துண்டு சரியில்லை என்று டார்ச் செல்லின் நடுவில் இருக்கும் கரிக்குச்சியை அரம் போட்டு ராவி வேறு செய்தேன். வில்லை மாற்றினேன். அச்சு வளைந்திருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை பிரித்தபோதும் அதே சிவப்புத் தூள். இவ்வளவு தூள் உதிர்ந்தால் வளையமே மிச்சமிருக்கக் கூடாது. ஆனால் வளையம் வழவழவென்று முழுசாக இருந்தது. அந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆபீசில் வருஷக் கடைசி வேலை. ஞாயிறென்றால் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது, மாலையில் அதையே தூக்கிக்கொண்டு இறங்குவது. கண்டக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னா சார், சாமி இன்னிக்காவது போச்சா?" என்பார்.

மார்கழியில் ஒரு ஞாயிறு இரண்டு வீட்டாரும் ஒரே கருமாதிக்குப் போயிருந்தார்கள், வேறு வேறு வண்டிகளில். குளத்தில் நானும் என் மனைவியும் மட்டும். தெப்பம் பேட்டரி தீரும்வரை சுற்றியது. ஒரு நடுக்கம் இல்லை. நான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்லமாட்டேன். காரணம் தெரியாமல் ஓடுகிற மோட்டார், காரணம் தெரியாமல் நிற்கிற மோட்டாரைவிட மோசம்.

மறுவாரம் எல்லோரும் வந்தார்கள். மோட்டார் நின்றது. தெப்பத்தைக் கரைக்கு இழுத்து மோட்டாரைத் தொட்டேன், சுட்டது. என் மனைவி குனிந்து முகர்ந்தாள்.

"ஏங்க, சந்தன வாசன வருது."

அங்கேயே பிரித்தேன். சந்தனம். காய்ந்த சந்தனம் கரித்துண்டை அதன் குழிக்குள் பசைபோல் ஒட்டிப் பிடித்திருந்தது. வில் தள்ளியும் அது நகரவில்லை, வளையத்தைத் தொடவில்லை. நான் செம்பு என்று எழுதிய தூள் குங்குமம்.

நான் கரையில் உட்கார்ந்து பேட்டரி கம்பிகளை மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் மாமனார் வீட்டார் மோட்டாருக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைப்பார்கள். சாமியைச் சுமக்கப் போகிற யந்திரம், பொட்டு வைக்காமல் எப்படி விடுவது? நாங்கள் லாரிக்கும் தையல் மிஷினுக்கும் வைப்பவர்கள்தானே. அதைப் பார்த்ததும் தம்பி வீட்டார் வந்து தங்கள் பொட்டை வைப்பார்கள், சற்றுப் பெரியதாக. பிறகு மாமனார் வீட்டார் அதைவிடப் பெரியதாக. மோட்டாரின் பின்தட்டில் சூடு வெளியேற விட்டிருந்த துவாரங்கள் பொட்டு வைக்கத் தோதான இடம். நானும் அந்தப் பொட்டுகளை வாராவாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"வெக்காதீங்கன்னு எப்டிச் சொல்றது?" என்றேன். "சந்தனத்தாலதான் சாமி நிக்குதுன்னு நான் சொன்னா ஊருக்குள்ள விடுவாங்களா?"

"நீங்க சொல்லாதீங்க," என்றாள். நேராக அப்பாவிடம் போனாள். "ஏம்பா, சாமி இன்னும் கோயில வுட்டே வரல. அதுக்குள்ள மிஷினுக்கு எதுக்கு மரியாத? யாரு பெரியவங்க, முருகனா மோட்டாரா?"

மாமனார் குளத்தைப் பார்த்துக் காறித் துப்பினார். கோயில் தண்ணீர் என்று ஞாபகம் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த கரைக்குச் சேதியை அவள் கொண்டுபோக முடியாது. மாட்டுக்கொட்டகைச் சுவர் வழியாகச் சித்தியிடம் சொன்னாள். சித்தி உள்ளே சொன்னாள். நான் மோட்டாரின்மேல் பால்பவுடர் டின் ஒன்றைக் கவிழ்த்துப் பக்கவாட்டில் காற்றுக்கு வழி விட்டேன். தைப்பூசத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறும் தெப்பம் ஓடியது. டின்மேல் பொட்டுகள் வளர்ந்தன. அவை வளரட்டும்.

தைப்பூச மாலை வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கினோம். நான் வடகரையில் கோயில் படியில் பெட்டியோடு நின்றேன். குருக்கள் உற்சவரை எழுந்தருளச் செய்தார். உடனே மாமனார் கேட்டார்: "சாமி எந்தப் பக்கமா மொதல்ல போவும்?"

வலமாகத்தான் என்றார் குருக்கள். வடகரையிலிருந்து வலம் போனால் முதலில் கீழண்டை வரும். அது யாருக்கும் அதுவரை தோன்றவில்லை. மாமனார் முகம் இறுகியது. கீழண்டையில் ஒரு சிரிப்புக் கேட்டது. என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கீழண்டைக் கரையில் சித்தி ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தாள். முட்டிவலியால் அவளுக்குப் படியிறங்க முடியாது.

குருக்கள் அனுபவஸ்தர். "சாமி முகம் மேலண்டயதான பாக்குது? பார்வை மொதல்ல உங்களுக்கு, வருகை மொதல்ல அவங்களுக்கு. ஆரம்பிக்கலாமா? கற்பூரம் கரையுது," என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் சுற்று நான் மூச்சு விட்டதாக ஞாபகமில்லை. இரண்டாவது சுற்றில் பூ விழ ஆரம்பித்தது. கீழண்டையார் கைநிறைய உதிரிப்பூ வீசினார்கள். மேலண்டையார் கூடையோடு கவிழ்த்தார்கள். அதற்குப் பதிலாக இவர்கள் சரம்சரமாக வீசினார்கள். அவர்கள் மாலையையே வீசினார்கள். தண்ணீர் தெரியவில்லை, பூ. நான் "போடாதீங்க, போடாதீங்க" என்று கத்தியது நாதஸ்வரத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாவது சுற்றில் தெற்கே திரும்பி நடுக்குளத்துப் பக்கம் வந்தபோது தெப்பம் மெதுவாயிற்று. மாலை கட்டிய வாழைநார் விசிறி இலையில் சுற்றிக்கொண்டுவிட்டது என்று கையில் பெட்டியைப் பிடித்திருந்த எனக்குத் தெரிந்தது. சுற்ற முடியாமல் உறுமுகிற மோட்டார் அதிக நேரம் தாங்காது. குச்சியைப் பின்னுக்கு இழுத்தேன். அதற்குள் டின் துவாரத்திலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. ஒரு கிழவி அதைச் சாம்பிராணி என்று நினைத்துக் கும்பிட்டாள்.

நாதஸ்வரம் நின்றது. இருட்ட ஆரம்பித்திருந்தது, இரண்டு கரையிலும் பெட்ரோமாக்ஸ் ஏற்றியிருந்தார்கள். சாமி நடுத்தண்ணீரில் நின்றது. குளம் கழுத்தளவுதான். இறங்கிப் போய்த் தள்ளினால் முடிந்தது. யாரும் இறங்கவில்லை. இறங்குகிறவன் கை முதலில் தெப்பத்தில் படும். பட்டால் ஒன்பது வருஷச் சண்டைக்கு அதுவே தீர்ப்பு. மேலண்டையில் ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கீழண்டையிலும் அப்படியே.

அப்போது சித்தி கத்தினாள். அவள் குரலை நான் அவ்வளவு உரக்கக் கேட்டதில்லை. "டேய், சாமி தண்ணில நிக்குது! நீங்க கரையில நின்னு மொறைச்சிக்கிறீங்களா? கயித்துக்கு அடிச்சிக்கினீங்க, இப்ப கயிறும் இல்ல. இன்னும் இன்னாடா வேணும்? நா எறங்கறன் பாரு!" பலகையிலிருந்து எழுந்தாள். படியில் கால் தடுமாறியது.

என் மனைவி ஓடினாள். வடகரையைச் சுற்றிக் கீழண்டைக் கரைக்கு, அப்பா பார்க்கப் பார்க்க ஓடினாள். சித்தி இரண்டாம் படியில் விழுவதற்குள் அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தாள். இருவரும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோரும் அங்கேதான் பார்த்தோம் என்று நினைக்கிறேன். தண்ணீரில் 'தொபுக்'கென்று சத்தம் கேட்டுத் திரும்பியபோது தெப்பத்தின் பக்கம் ஒரு தலை தெரிந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் நேரே என் கண்ணில் அடித்தது. தலை கறுப்பாக மட்டும் தெரிந்தது. அடுத்த கணம் இரண்டு கரையிலிருந்தும் ஏழெட்டுப் பேர் குதித்துவிட்டார்கள். தெப்பம் என் காலடிக்கு வந்தபோது அதில் எத்தனையோ கைகள் இருந்தன.

அன்று இரவு என் மனைவி சித்தி வீட்டில் சாப்பிட்டாள். மாமனார் வெளியே கட்டிலில் படுத்திருந்தார். அவள் திரும்பி வந்து படியேறியபோது, "முட்டி வீங்கிச்சா?" என்று மட்டும் கேட்டார். வீங்கியிருக்கிறது என்றாள். "தைலம் இருக்குது, எடுத்துக்கினு போ," என்றார். அவள் திரும்பவும் போனாள். அதற்குப் பிறகு எப்போது ஊருக்குப் போனாலும் இரண்டு வீட்டுக்கும் போனாள், யாரும் தடுக்கவில்லை. சித்தி 1989இல் இறக்கும்போது என் மனைவி மடியில்தான் தலை இருந்தது.

ஆண்கள் விஷயம் வேறு. மறுநாள் காலையிலேயே முதலில் குதித்தது யார் என்ற பேச்சு வந்துவிட்டது. என் மைத்துனன் என்று மேல்வீட்டார் சொன்னார்கள். தம்பியின் மூத்த மகன் என்று கீழ்வீட்டார் சொன்னார்கள். அடுத்த தைக்குத் தெப்பம் இல்லை. மோட்டாரின் கம்பிச் சுற்று கருகிப்போயிருந்தது. கீழ்பென்னாத்தூரில் பம்ப்செட் மோட்டார் சுற்றுகிற கடையில் கொடுத்தால் சுற்றித் தந்திருப்பார்கள். "எப்ப மாப்ளே சரி பண்றது?" என்று இரண்டு மாமனார்களும் தனித்தனியாகக் கேட்டார்கள். பார்க்கலாம் என்றேன். எனக்கு அலுத்துவிட்டது. என் மனைவியும் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது நடந்துவிட்டது.

அந்த முதல் தலை யாருடையது என்று பின்னாளில் நான் விசாரித்திருக்கிறேன். மைத்துனனும் தம்பி மகனும் ஆளுக்கொரு விதமாகத் தான்தான் என்கிறார்கள்; இருவருமே அன்று நனைந்திருந்தார்கள். நாதஸ்வரக்காரர் அது வெளியூர் ஆள், சட்டையோடு குதித்தான் என்றார்; அவர் இருந்த இடத்திலிருந்து தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். குருக்கள் கண்ணை மூடி ஜபித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டார். மிக அருகில் இருந்தவள் என் மனைவி. அவள் தண்ணீரைப் பார்க்கவே இல்லை என்கிறாள். ஆகவே 1987 தைப்பூசத்தன்று தெப்பத்தை முதலில் தொட்டவர் யார் என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.